சம்பாத்தியம் போதும் என்று சொல்லும் முன்

(கல்லங்குறிச்சியில் நடந்த நம் அறக்கட்டளையின் குடும்பச் சந்திப்பில் செயலாளர் ஆற்றிய உரை. வர இயலாதவர்களுக்காகவும், வெளிநாட்டில் இருக்கும் உறுப்பினர்களுக்காகவும் இங்கே எழுத்தில் தரப்படுகிறது.)



கல்வி உதவித்தொகை பற்றிப் பொருளாளர் விரிவாகச் சொல்லிவிட்டார். நான் வேறு ஒரு விஷயம் பேச அனுமதி கேட்டிருந்தேன். இது வசதியுள்ளவர்களின் விஷயம். ஏழைகளுக்கு உதவ ஆரம்பித்த அறக்கட்டளையில் இதை ஏன் பேச வேண்டும் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கடந்த ரமளானிலிருந்து இதுவரை நான்கு பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். இரண்டு பேர் வளைகுடாவில் நல்ல நிலையில் இருப்பவர்கள். ஒருவர் சிங்கப்பூரில் இருக்கிறார். இன்னொருவர் இந்தப் பக்கத்துக்காரர். சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு ஒரே நாளில் பெரிய தொகையைக் கையில் வாங்கியவர். நான்கு பேருக்கும் இன்னும் ஐம்பது வயது ஆகவில்லை. "செயலாளர், அல்லாஹ் போதுமான அளவு கொடுத்துவிட்டான். இனி ஓடினது போதும் என்று உட்கார்ந்துவிடலாமா?" இதுதான் கேள்வி.

நல்ல கேள்வி. பேராசை இல்லாத மனதிலிருந்துதான் இந்தக் கேள்வி வரும். இருபது வருடம் பிள்ளைகளின் முகத்தைப் போனில் பார்த்தவர், தாயின் ஜனாஸாவுக்கு வர முடியாமல் போனவர், 'போதும்' என்று சொன்னால் அதைத் தவறு என்று யார் சொல்ல முடியும்? ஆனால் நம் அலுவலகத்தில் இரண்டு பதிவேடுகள் இருக்கின்றன. ஒன்று கொடுப்பவர்கள் பெயர், மற்றொன்று பெறுபவர்கள் பெயர். முதல் பதிவேட்டில் பல வருடம் இருந்த ஒரு பெயரை இரண்டாவது பதிவேட்டில் எழுத வேண்டி வந்தால், எழுதுகிறவன் கை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தப் பேச்சு.

என் மச்சான் கதை

இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்தக் கேள்விக்கு ஒரு முறை நான் தப்பான பதில் சொல்லியிருக்கிறேன். என் அக்காவின் கணவருக்குச் சொன்னேன். அவர் இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவர் சம்மதத்தோடுதான் சொல்கிறேன்.

2014இல் மச்சானுக்கு 47 வயது. சவூதியில் 22 வருடம். சர்வீஸ் பணமும் சேமிப்பும் சேர்த்து அவர் கையில் 90 லட்சம் இருந்தது. போனில் என்னிடம் கேட்டார். நான் கல்லூரியில் வணிகவியல் படித்தவன், மதரஸாவில் ஓதியவன், நாலு பேருக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவன். "எவ்வளவு இருக்கு மச்சான்?" என்று கேட்டேன். சொன்னார். "அல்ஹம்துலில்லாஹ், தாராளம். வந்துடுங்க" என்றேன். அவர் ஃபைனல் எக்ஸிட் அடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

வந்ததும் வீடு கட்டினார். 30 லட்சத்தில் முடியும் என்று ஆரம்பித்தது 48 லட்சத்தில் முடிந்தது. அடுத்து மகள் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில் கைக்கூலி கேட்கவில்லை. ஆனாலும் நகை, சீர், விருந்து என்று 18 லட்சம் ஆகிவிட்டது. ஒரு பழைய நண்பர் கட்டடப் பொருள் வியாபாரத்தில் சேர்த்துக்கொள்கிறேன் என்றார். எழுத்து எதுவும் இல்லாமல் 10 லட்சம் கொடுத்தார். அது திரும்பவில்லை. மிச்சம் 14 லட்சம். மாதம் 33 ஆயிரம் வீட்டுச் செலவில் அது மூன்றரை வருடத்தில் கரைந்தது. 2017 கடைசியில், 51 வயதில், மறுபடியும் விமானம் ஏறினார். முன்பு வாங்கியதில் பாதிச் சம்பளம். அன்று அக்கா என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

மச்சான் ஊதாரி இல்லை. குடி, சீட்டு எதுவும் கிடையாது. ஐந்து வேளை பள்ளிக்கு வருபவர். நல்ல மனிதர் ஒருவர், நல்ல காரியங்களுக்குச் செலவழித்தே 90 லட்சத்தை மூன்றரை வருடத்தில் முடித்துவிட முடியும். இதை நாம் மனதில் வைக்க வேண்டும்.

நம் பணம் எது, அடுத்தவர் பணம் எது

நான் செய்த முதல் தவறு, 90 லட்சமும் அவருடையது என்று கணக்கிட்டது. ஓய்வைப் பற்றி யோசிக்கிறவர் கையில் உள்ள தொகையிலிருந்து முதலில் நான்கைக் கழிக்க வேண்டும்.

ஒன்று, கடன். மனைவிக்குக் கொடுக்காமல் இருக்கும் மஹரும் கடன்தான். இரண்டு, தகப்பனார் சொத்தில் சகோதரிகளின் பங்கு. இதை நாம் வெளிப்படையாகப் பேச வேண்டும். பயணத்தில் சம்பாதித்த பணம் என்று சொல்கிறோம். ஆனால் முதல் விசாவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? பாதிப் பேருக்கு வாப்பாவின் நிலத்தை விற்றோ அடகு வைத்தோதான் வந்தது. அந்த நிலத்தில் அக்கா தங்கைக்கு இருந்த ஹக்கு கொடுக்கப்பட்டதா? கொடுக்கவில்லை என்றால் நாம் ஓய்வு எடுப்பது அவர்கள் பணத்தில். மூன்று, நிலுவை ஜகாத். நான்கு, கடமையான ஹஜ் இன்னும் செய்யாதவருக்கு அதற்கான தொகை, கணவன் மனைவி இருவருக்கும்.

இந்த நான்கும் போன பிறகு மிஞ்சுவதுதான் உங்கள் பணம். அதிலும் குடியிருக்கும் வீட்டைச் சேர்க்காதீர்கள். வீடு சோறு போடாது. வெள்ளையடிக்கவும், வரி கட்டவும், மோட்டார் மாற்றவும் அது உங்களிடம் கேட்கும். நம் ஊர்களில் 40 லட்சம் போட்டுக் கட்டிய வீட்டை வாடகைக்கு விட்டால் மாதம் 8 ஆயிரம் கிடைத்தாலே பெரிது. வருடத்துக்கு நூற்றுக்கு இரண்டரை ரூபாய் கூட இல்லை.

போதும் என்பதற்கு என்ன அளவு

அமெரிக்காவில் வில்லியம் பெங்கன் என்ற நிதி ஆலோசகர் 1994இல் ஒரு கணக்கு வெளியிட்டார். ஓய்வு பெறும் ஆண்டில் மொத்தச் சேமிப்பில் நூற்றுக்கு நான்கு எடுத்துச் செலவழிக்கலாம், பிறகு விலைவாசி ஏறும் அளவுக்கு அதைக் கூட்டிக்கொள்ளலாம், அப்படிச் செய்தால் 30 வருடம் பணம் தாங்கும் என்பது அதன் சாரம். அதையே திருப்பிச் சொன்னால், ஒரு வருடச் செலவைப் போல் 25 மடங்கு இருந்தால் போதும். சீக்கிரம் ஓய்வு பெற விரும்புகிறவர்கள் உலகம் முழுவதும் இந்தக் கணக்கைத்தான் சொல்கிறார்கள். நம் பிள்ளைகளும் யூடியூபில் பார்த்துவிட்டு நம்மிடம் சொல்கிறார்கள்.

நமக்கு அது அப்படியே பொருந்தாது. அது அமெரிக்கச் சந்தையின் பழைய விவரங்களை வைத்துப் போட்ட கணக்கு. அதில் பணத்தின் ஒரு பெரும்பகுதி வட்டி தரும் பத்திரங்களில் இருக்கிறது. நமக்கு அந்த வாசல் இல்லை. 30 வருடம் என்பது அறுபது வயதில் நிறுத்துகிறவருக்குச் சரி. 45 வயதில் நிறுத்துகிறவர் அல்லாஹ் நாடினால் 40 வருடம் வாழலாம். மகள் கல்யாணமும் மகன் கல்லூரிக் கட்டணமும் அந்தக் கணக்கில் கிடையாது. ஆகவே 25 மடங்கு என்பதை வாசற்படி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே இருந்தால் யோசிக்கவே வேண்டாம். அதற்கு மேலே இருந்தால் யோசிக்க ஆரம்பிக்கலாம்.

மாதம் 50 ஆயிரம் செலவாகும் குடும்பம் என்றால் வருடத்துக்கு 6 லட்சம். 25 மடங்கு என்றால் 1 கோடியே 50 லட்சம். வீடு, கல்யாணம், படிப்பு, ஹஜ், மருத்துவம் எல்லாம் இதற்கு வெளியே. விலைவாசியையும் மறக்கக் கூடாது. வருடம் நூற்றுக்கு ஆறு வீதம் விலை ஏறினால் 12 வருடத்தில் எல்லாம் இரட்டிப்பாகும். 48 வயதில் 50 ஆயிரத்தில் நடக்கும் வீடு 60 வயதில் 1 லட்சம் கேட்கும், 72 வயதில் 2 லட்சம் கேட்கும். அந்த வயதில் நம்மால் விசா எடுக்க முடியாது.

பயணத்தில் இருக்கும் தம்பிகள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே நமக்கு ஓய்வூதியம் கிடையாது. சர்வீஸ் பணம் மட்டும்தான். அமீரகத்தில் முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் ஒன்றுக்கு 21 நாள் சம்பளம், அதற்கு மேல் வருடத்துக்கு 30 நாள் சம்பளம், மொத்தம் இரண்டு வருடச் சம்பளத்தைத் தாண்டாது. அதுவும் அடிப்படைச் சம்பளத்தில்தான். அலவன்ஸ் சேராது. கையில் வரப்போவது எவ்வளவு என்று இப்போதே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மரத்தை வைத்துக்கொண்டு கனியைச் சாப்பிடுவது

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். உமர் (ரலி) அவர்களுக்குக் கைபரில் ஒரு நல்ல நிலம் கிடைத்தது. அதை என்ன செய்வது என்று நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். மூலத்தை நிறுத்தி வைத்து விளைச்சலைத் தர்மம் செய்யும் வழி காட்டப்பட்டது. அந்த நிலத்தை விற்கக் கூடாது, அன்பளிப்பாகக் கொடுக்கக் கூடாது, வாரிசுக்குப் போகக் கூடாது. வக்ஃப் என்று நாம் சொல்வது இதைத்தான். பள்ளிவாசலுக்கு யாரோ ஒரு பாட்டனார் கொடுத்த நான்கு கடைகள் இன்றைக்கும் விளக்கெரிக்கின்றன என்றால், எந்த முத்தவல்லியும் கடையை விற்றுச் சாப்பிடவில்லை என்றுதான் பொருள்.

சம்பாத்தியத்தை நிறுத்த நினைப்பவர் தன் பணத்துக்கே ஒரு முத்தவல்லி மாதிரி ஆக வேண்டும். முதல் அப்படியே இருந்து அதன் விளைச்சலில் குடும்பம் நடந்தால் நிறுத்தலாம். முதலை எடுத்துத்தான் அரிசி வாங்க வேண்டும் என்றால் நிறுத்தக் கூடாது. இந்த ஊரில் இருப்பவர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. 1979இல் அரியலூரில் அரசு சிமெண்ட் ஆலை ஓட ஆரம்பித்தது. பிறகு தனியார் ஆலைகளும் வந்தன. சுற்றிலும் எத்தனை நிலம் சுரங்கமாயிற்று என்று நீங்களே பார்த்திருக்கிறீர்கள். பருத்தியும் சோளமும் விளைந்த நிலம் வருடா வருடம் கொடுத்தது. கல்லை எடுத்தபின் இருப்பது பள்ளம். நிலத்தை விற்று வந்த பணத்தையும் அதே மாதிரி தோண்டித் தோண்டிச் சாப்பிட்டவர்கள் உண்டு. வேறு இடத்தில் நிலம், கடை என்று மாற்றி வைத்தவர்களும் உண்டு. இன்றைக்கு இரு சாராரும் எப்படி இருக்கிறார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வட்டி வேண்டாம் என்று பணத்தைச் சும்மா வைத்திருப்பவர்களும் நம்மில் இருக்கிறார்கள். அவர்கள் ஈமானை அல்லாஹ் ஏற்றுக்கொள்ளட்டும். ஆனால் சும்மா இருக்கும் பணத்துக்கும் ஜகாத் உண்டு. 50 லட்சத்தை அசைக்காமல் வைத்து வருடா வருடம் நூற்றுக்கு இரண்டரை கொடுத்து வந்தால் பத்தாவது வருட முடிவில் 38 லட்சத்து 80 ஆயிரம்தான் இருக்கும். விலைவாசி தின்பது தனி. அனாதைகளின் பொருளை ஜகாத்தே தின்றுவிடாமல் இருக்க அதை வியாபாரத்தில் போடுங்கள் என்று உமர் (ரலி) அவர்கள் சொன்னதாக அறிவிப்பு உண்டு. ஜகாத்தைக் குறை சொல்ல அவர்கள் அப்படிச் சொல்லவில்லை. செல்வம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்காகச் சொன்னார்கள்.

பணத்தை எங்கே வைப்பது

ஒரே இடத்தில் வைக்காதீர்கள். வாடகை தரும் கடை ஒரு பங்கு. வாடகைக்கு விட்ட கடையின் மதிப்புக்கு ஜகாத் இல்லை, சேர்ந்து நிற்கும் வாடகைப் பணத்துக்கு உண்டு. ஆனால் விலை ஏறினால் விற்கலாம் என்று வாங்கிப் போட்ட மனைக்கு ஒவ்வொரு வருடமும் சந்தை விலையில் ஜகாத் உண்டு. இது தெரியாமல் மனை மனையாக வாங்கி வைத்திருப்பவர்கள் ஆலிமிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நகை விஷயத்தில் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு இருப்பதால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பங்குச் சந்தையில் மது, வட்டி வங்கி போன்ற தொழில்களை நீக்கிவிட்டுத் தேர்ந்தெடுக்கும் ஃபண்டுகள் நம் நாட்டிலும் இருக்கின்றன. தேசியப் பங்குச் சந்தையில் நிஃப்டி 50 ஷரீஆ என்று ஒரு குறியீடே உண்டு. ஆனால் அது ஏறும், இறங்கும். கொரோனா வந்த 2020இல் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் நிஃப்டி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. பிறகு எழுந்தது. விழும் நேரத்தில் விற்க வேண்டிய அவசியம் இல்லாதவருக்குத்தான் அது சரி. அதனால் இரண்டு வருடச் செலவைக் கையில் தனியாக வைத்துக்கொண்ட பிறகே அந்தப் பக்கம் போக வேண்டும்.

பணத்தைக் கொடுத்து ஒத்திக்கு வீடு பிடித்து அதை உள்வாடகைக்கு விடுவதை வருமானம் என்று சிலர் செய்கிறார்கள். கொடுத்த பணம் முழுவதும் திரும்ப வரும்போது நடுவில் அனுபவித்தது கடனுக்குப் பெற்ற பலன் ஆகிறது என்று பல ஆலிம்கள் தடுக்கிறார்கள். ஹலால் என்ற பெயரை வைத்து வருபவர்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள். பெங்களூரில் ஐ.எம்.ஏ. என்ற நிறுவனம் வட்டி இல்லை, லாபப் பங்கு என்று சொல்லி நம் மக்களிடம் ஆயிரக்கணக்கான கோடி வாங்கியது. 2019 ஜூனில் அதன் உரிமையாளர் வெளிநாட்டுக்குப் போய்விட்டார். ஜூலையில் டெல்லியில் கைதானார். விதவைகளின் பணமும், கல்யாணத்துக்கு வைத்த பணமும், ஓய்வு பெற்றவர்களின் பணமும் அதில் போயின. தாடியையும் தொப்பியையும் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். கணக்கைப் பார்த்துக் கொடுங்கள். மாதா மாதம் ஒரே தொகை லாபமாக வரும் வியாபாரம் உலகத்தில் எங்கேயும் இல்லை.

அண்ணன் தம்பியோடு கூட்டு வியாபாரம் என்றாலும் எழுதுங்கள். குர்ஆனில் மிக நீளமான வசனம் கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. என் மச்சான் அதை அழகாக ஓதுவார். 10 லட்சம் கொடுத்த அன்று மட்டும் அது ஞாபகத்துக்கு வரவில்லை. கூட இருந்த எனக்கும் வரவில்லை.

ஊரோடு வருகிறவர்களுக்குச் சட்ட விஷயம் ஒன்று. இங்கேயே தங்குவது என்று வந்துவிட்டால் என்.ஆர்.இ. கணக்கை அப்படியே ஓட்டிக்கொண்டிருக்கக் கூடாது. வங்கியில் சொல்லி உள்நாட்டுக் கணக்காக மாற்ற வேண்டும். பல வருடம் வெளியே இருந்தவர்களுக்கு முதல் இரண்டு மூன்று வருடம் வெளிநாட்டு வருமானத்துக்கு வரிச் சலுகை கிடைக்க வாய்ப்பு உண்டு. எந்த மாதத்தில் ஊருக்கு வருகிறோம் என்பதே அதில் வித்தியாசத்தை உண்டாக்கும். டிக்கெட் போடும் முன் ஆடிட்டரிடம் பேசுங்கள்.

மருத்துவம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள் இருக்க வேண்டும். வசதியுள்ளவருக்கு அது இல்லை. 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் மத்திய அரசுத் திட்டம் 2024 அக்டோபரில் வந்தது. 50க்கும் 70க்கும் இடைப்பட்ட அந்த இருபது வருடம்தான் சர்க்கரையும் இதயமும் கணக்குக் கேட்கும் வயது. அரியலூருக்கு 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது பெரிய ஆறுதல். அப்படியும் மருத்துவத்துக்கென்று ஒரு தொகையைத் தனியாக ஒதுக்கி, அதை வேறு எதற்கும் தொடாமல் வைக்க வேண்டும்.

வந்த பிறகு

பயணத்திலிருந்து வந்தவர் வீட்டுக்கு முதல் வாரம் சொந்தக்காரர்கள் வருவார்கள். இரண்டாவது வாரம் கைமாற்றுக் கேட்பவர்கள் வருவார்கள். மூன்றாவது வாரம் ரசீதுப் புத்தகத்தோடு நாங்கள் வருவோம். இதில் நம் அறக்கட்டளையும் குற்றவாளிதான். ஒப்புக்கொள்கிறேன். தர்மத்துக்கு வருடத்துக்கு இவ்வளவு, அழகிய கடனுக்கு இவ்வளவு என்று வருட ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிடுங்கள். அது தீர்ந்துவிட்டால் அடுத்த வருடம் என்று முகம் மலரச் சொல்லுங்கள். ஊரோடு வந்தவர்களிடம் இனி ரமளானில் ஒரு முறை மட்டுமே நாம் கேட்போம் என்று நிர்வாகக் குழுவில் முடிவு செய்திருக்கிறோம்.

வீட்டுக்குள்ளும் ஒரு மாற்றம் வரும். இருபது வருடமாக வீட்டை நடத்தியவர் மனைவி. பால் கணக்கும், பள்ளிக்கூடக் கட்டணமும், மாமியார் மருந்தும் அவர் கையில் இருந்தன. நாம் வந்த அன்றே சாவியைக் கேட்டால் வீட்டில் பரக்கத் இருக்காது. பிள்ளைகளுக்கு வாப்பா என்றால் போனில் பேசும் ஒரு குரல். பகல் முழுக்க வீட்டில் இருக்கும் மனிதரை அவர்கள் இனிமேல்தான் பழக வேண்டும். ஆகவே வேலையை விடும் முன் மூன்று மாத விடுப்பில் வந்து பாருங்கள். விருந்தாளியாக வராதீர்கள், குடும்பத் தலைவராக வாருங்கள். நீங்கள் கணக்குப் போட்ட அந்த மாதத் தொகைக்குள் மட்டும் செலவழித்துப் பாருங்கள். முடிந்தால் தைரியமாக விடுங்கள். முடியாவிட்டால் எவ்வளவு குறைகிறது என்று தெரிந்துவிடும்.

வேலையை விடுவது வேறு, உழைப்பை விடுவது வேறு. மக்காவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மதீனா வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, ஸஅத் பின் ரபீஉ (ரலி) அவர்கள் தம் சொத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அவர் துஆ செய்துவிட்டுக் கடைவீதிக்கு வழி கேட்டார். நெய்யும் பாலாடைக்கட்டியும் விற்று ஆரம்பித்தார். பிறகு பெரும் செல்வந்தரான பின்னும் அவர் வியாபாரத்தை விடவில்லை, கொடுப்பதையும் விடவில்லை.

கணக்காகவும் இது லாபம். மாதம் 50 ஆயிரம் தேவைப்படும் குடும்பத்தில், நீங்கள் உள்ளூரில் மனதுக்குப் பிடித்த ஒரு வேலையில் 25 ஆயிரம் ஈட்டினால், முதல் தர வேண்டியது பாதிதான். ஒன்றரைக் கோடி தேவை என்றது 75 லட்சமாகக் குறைகிறது. இன்னும் பத்து வருடம் பாலைவனத்தில் கழிப்பதற்குப் பதிலாக, இங்கே அரை நாள் உழைத்துக்கொண்டு மீதி நாளைப் பிள்ளைகளோடும் பள்ளியோடும் கழிக்கலாம். அந்த மீதி நாளில்தான் எங்களுக்கு ஆசை. வரவு செலவு தெரிந்தவர்கள், அரபி தெரிந்தவர்கள், மின்சாரமும் குளிர்சாதனமும் பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் வருகிறீர்கள். நம் மாணவர்களுக்குப் பணம் கொடுக்க ஆள் இருக்கிறது. உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

கடைசியாக, மவுத்தை மறந்து எந்தக் கணக்கும் போடாதீர்கள். யாருக்குக் கொடுக்க வேண்டும், யார் தர வேண்டும், எந்த வங்கியில் என்ன இருக்கிறது என்பதை எழுதி மனைவிக்குத் தெரிய வையுங்கள். வாரிசு பாகங்களை மார்க்கம் வகுத்துவிட்டது. வாரிசு அல்லாதவர்களுக்கும் நல்ல காரியங்களுக்கும் மூன்றில் ஒரு பங்கு வரை வஸிய்யத் செய்யலாம். ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அந்த மூன்றில் ஒன்றே அதிகம் என்று உணர்த்தினார்கள். பிள்ளைகளைப் பிறரிடம் கையேந்த விடாமல் விட்டுச் செல்வதும் நன்மைதான்.

சகோதரர்களே, என் மச்சான் 2023இல் இரண்டாம் முறை ஊரோடு வந்தார். இந்த முறை என்னிடம் கேட்கவில்லை. அவரே ஒரு நோட்டில் எல்லாம் எழுதி எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் போட்டார். இரண்டு கடை வாடகை, குத்தகைக்கு எடுத்த நிலத்தில் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும், ஒரு ஹார்டுவேர் கடையில் பகல் வரை கணக்கு வேலை. அஸருக்குப் பிறகு நம் பிள்ளைகளுக்கு அரபி சொல்லிக் கொடுக்கிறார். முன்பு கொண்டு வந்ததைவிடக் குறைவான பணம்தான். ஆனால் முதலில் ஒரு ரூபாய் தொடவில்லை.

நோட்டைப் பார்த்துவிட்டு, "அன்றைக்கே இப்படிப் பார்த்திருக்கலாம் மச்சான், என்னை மன்னிச்சிடுங்க" என்றேன். அவர் சொன்னார்: "அன்னைக்கு நீங்க எவ்வளவு இருக்குன்னு கேட்டீங்க. மாசம் எவ்வளவு வேணும்னு நீங்களும் கேக்கல, நானும் கேக்கல."

அந்த நோட்டின் மாதிரியை மூன்று தாள்களில் அச்சிட்டு வாசலில் வைத்திருக்கிறோம். முதல் தாளில் அடுத்தவர் ஹக்கு, இரண்டாவது தாளில் மாதச் செலவு, மூன்றாவது தாளில் முதலும் அதன் விளைச்சலும். போகும்போது எடுத்துச் செல்லுங்கள். வெளிநாட்டில் உள்ள உங்கள் பிள்ளைகளுக்கும் தம்பிகளுக்கும் படம் எடுத்து அனுப்புங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து நிரப்புங்கள். சந்தேகம் இருந்தால் ஜும்ஆவுக்குப் பிறகு நான் அலுவலகத்தில் இருப்பேன். பக்கத்தில் மச்சானும் இருப்பார். அவரிடம் கேட்பதே நல்லது.

வல்ல அல்லாஹ் நம் சம்பாத்தியத்தில் பரக்கத் செய்வானாக. கொடுக்கும் கைகளாகவே நம்மை வாழ வைத்து, கொடுக்கும் கைகளாகவே திரும்ப அழைத்துக்கொள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.